ஹவ்வா உம்மா தெரிந்தெடுத்த பல்ப் மாலைகள்

ஹவ்வா உம்மாவுக்குக் கரண்டுக்குப் பயம். கடலுக்கும் பயம். இரண்டாயிரத்து நாலு சுனாமிக்குப் பிறகு எங்கள் கல்முனைக்குடியில் கடலுக்குப் பயப்படாத ஆளே கிடையாது என்பதால் அந்தப் பயத்தை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் கரண்டுக்கு அப்படிப் பயந்த ஒரு பெண் ஊருக்கெல்லாம் பல்ப் மாலை வாடகைக்குக் கொடுத்தார் என்பதுதான் பலருக்கும் விளங்காத விசயம். நான் அவருடைய வளவுக்கு அடுத்த வளவில் இருக்கிறவன், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவன். எனக்கே அது விளங்கக் காலம் எடுத்தது.

அவருடைய புருசன் முகைதீன் பாவா லைட் கட்டும் தொழில் செய்தவர். கலியாண வீடு, பெருநாள், பாண்டிருப்புக் கோயில் திருவிழா, எல்லாவற்றுக்கும் அவரும் பாண்டிருப்பைச் சேர்ந்த கனகரெத்தினமும்தான் போவார்கள். அந்தக் காலத்து மாலைகள் சின்னச் சின்னக் கண்ணாடி பல்புகள். வீட்டுக் கரண்ட் நேரே அதற்குள் ஓடும். ஒரு பல்ப் பழுதானால் கம்பியை வெட்டி முறுக்கி, மேலே ஒரு துண்டு பிளாஸ்டிக் பையைச் சுற்றிவிடுவார்கள். இரண்டாயிரத்து இரண்டு மார்கழியில் மருதமுனையில் ஒரு கலியாண வீட்டு வாசலில், தூறல் மழைக்குள், முகைதீன் பாவா இரும்பு ஏணியில் நின்றபடி அப்படி ஒரு முறுக்கைத் தொட்டார். கனகரெத்தினம் ஓடிவந்து சுவிச்சை நிறுத்துவதற்கிடையில் எல்லாம் முடிந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது உடம்பில் காயம் எதுவும் இல்லை. வலது பெருவிரலில் மட்டும் மிளகளவு கறுத்த புள்ளி. அந்தப் புள்ளியை ஹவ்வா உம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அதன் பிறகு அவர் சுவிச்சைத் தொடவில்லை. வீட்டில் விளக்குப் போடுவது மகள் றிஸ்னாவின் வேலையானது. அப்போது அவளுக்கு எட்டு வயது. அவளும் கையால் போடக்கூடாது. கூட்டுகிற தும்புத்தடியின் நுனியால்தான் தட்ட வேண்டும்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை தாயும் மகளும் பெரிய றோட்டுக்கு மேற்கே, ஹவ்வா உம்மாவின் காக்கா, அதாவது அண்ணன், பக்கீர் வீட்டில் இருந்தார்கள். அதனால் தப்பினார்கள். கடற்கரையிலிருந்து மூன்றாவது ஒழுங்கையில் இருந்த அவர்களுடைய வீடு தப்பவில்லை. மூன்றாம் நாள் மூவருமாகப் பார்க்கப் போனபோது சீமெந்துத் தரை மட்டும் கிடந்தது. முகைதீன் பாவாவின் லைட் சாமான் வைத்த தகரப் பெட்டியைக் காணவில்லை. ஆனால் கொஞ்சம் தள்ளி, தாழம்பற்றைக்குள் ஒரு பல்ப் மாலை சிக்கிக் கிடந்தது. ஒரு கண்ணாடியும் உடையவில்லை. றிஸ்னா அதை எடுக்கப் போனாள்.

"தொடாத! அதுல கரண்ட் இரிக்கும்!" என்று ஹவ்வா உம்மா கத்தினார்.

"என்னகா கதைக்கிறாய்?" என்றார் பக்கீர். "காத்தான்குடியில இரிந்து பொத்துவில் வரைக்கும் கரண்ட் இல்ல. இதுல எங்கால வாற?"

ஹவ்வா உம்மா கேட்கவில்லை. மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு றோட்டுக்கு வந்துவிட்டார். அந்த மாலை அங்கேயே கிடந்தது.

பிறகு எங்கள் ஒழுங்கையில் ஒரு பலகைக் கொட்டில், நிவாரண அரிசி, யாரோ கொடுத்த தையல் மெசின் என்று ஒன்றரை வருசம் போனது. சட்டை தைத்துச் சீவித்தார். லைட் என்ற சொல்லே அந்தக் கொட்டிலில் இல்லை.

எங்கள் பகுதியில் கடலோரமாக, ஒரு பெரியாரின் நினைவிடமாக, ஒரு சின்னத் தைக்கா இருக்கிறது. வருசத்தில் ஒருதரம் கொடியேற்றம், பன்னிரண்டு நாள். சுனாமிக்கு அடுத்த வருசம் வெளிச்சம் எதுவுமில்லாமல் கொடி ஏறியது. இரண்டாயிரத்து ஆறில்தான் தைக்காவை நடத்தும் மரைக்கார்மார் மனம் தேறி, வெளியூர் ஆள் ஒருவரைப் பிடித்து லைட் கட்டுவித்தார்கள். ஹவ்வா உம்மா மகளைக் கூட்டிக்கொண்டு நேர்ச்சைக்குப் போயிருந்தார். அந்தி மஃரிப் தொழுகைக்கு முந்திய நேரம். தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூச் செய்யும் தொட்டிக்குப் பக்கத்தில் இரும்புக் கம்பி வேலி. அந்த வேலி நெடுக பல்ப் மாலை சுற்றியிருந்தார்கள். தொட்டித் தண்ணீர் வழிந்து மணலெல்லாம் ஈரம். வெறுங்காலோடு பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். வேலியின் ஓரத்தில் ஒரு முறுக்கு, அதன் மேல் சுற்றிய பிளாஸ்டிக் பை காற்றுக்குப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அதைக் கண்டதும் எனக்கு நாக்கு உள்ளுக்கு இழுத்திட்டு" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

பக்கத்தில் நின்ற இரண்டு பேரிடம் நிறுத்தச் சொன்னார். ஒருவர் சிரித்தார், மற்றவர் காதில் போடவில்லை. அப்போது ஒரு சின்னப் பெண்பிள்ளை வழுக்காமல் நிற்பதற்காக வேலியைப் பிடிக்கக் கையை நீட்டினாள். ஹவ்வா உம்மா சுவரில் சாய்த்து வைத்திருந்த தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு மெயின் சுவிச் இருந்த இடத்துக்கு ஓடினார். கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி ஒரு அடி. சுவிச்சின் கைபிடி கீழே இறங்கியது. தைக்கா முழுவதும் அணைந்தது.

ஆட்கள் சத்தம் போட்டார்கள். தலைமை மரைக்கார் வந்து, "விசரா புள்ள உனக்கு? கொடியேத்தத்தில வந்து லைட்ட நிப்பாட்டுற?" என்று ஏசினார். ஹவ்வா உம்மா தும்புத்தடியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வேலியைக் கையால் காட்டினார். அன்றைக்கு ஒலிபெருக்கி வேலைக்கு வந்திருந்த கனகரெத்தினம்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பிள்ளைகளைத் தள்ளி நிற்பாட்டி, சுவிச்சை மறுபடி போடச் சொல்லி, தன்னுடைய டெஸ்டரை வேலிக் கம்பியில் வைத்துக் காட்டினார். டெஸ்டர் பிடிக்குள் சின்னச் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. வேலி முழுவதும் கரண்ட்.

கை நீட்டிய பிள்ளையின் தாய் மணலில் குந்திவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை தலைமை மரைக்கார் பலகைக் கொட்டிலுக்கு வந்தார். "நீ சொன்னது சரிதான் புள்ள. இனி நம்பி யாருக்கிட்ட லைட் எடுக்கிற? முகைதீன் பாவாட தொழில் உனக்கும் தெரியும்தானே? ஆருக்கும் அடிக்காத லைட் இரிந்தா நீயே கொண்டு வா" என்றார்.

ஏலாது என்று சொல்லத்தான் நினைத்தாராம். ஆனால் தான் மறுத்தால் அந்த வெளியூர்க்காரன் திரும்பி வருவான், அதே முறுக்குகளோடு வருவான் என்ற பயம் கரண்டுப் பயத்தை விடப் பெரிதாக இருந்தது. இரவு முழுவதும் யோசித்துவிட்டு, தையல் மெசினை விற்கும்படி காக்காவிடம் சொன்னார்.

கனகரெத்தினம் சொன்னது இதுதான்: இப்போது எல்ஈடி மாலைகள் வருகின்றன, நிறம் மாறும், சூடாகாது. அதிலும் வீட்டுக் கரண்ட் நேரே ஓடுவதும் உண்டு, சின்னப் பெட்டி ஒன்று நடுவில் இருந்து கரண்டை இருபத்துநாலு வோல்ட்டுக்குக் குறைத்து அனுப்புவதும் உண்டு. "இருபத்துநாலு எடுங்க தங்கச்சி. அது ஆளக் கொல்லாது. நான் பிடிச்சுக் காட்டுறன்" என்றார். ஹவ்வா உம்மா தலையாட்டினாரே தவிர நம்பவில்லை.

இரண்டாயிரத்து ஏழு தொடக்கத்தில் தங்கையும் காக்காவும் கொழும்புக்கு பஸ் ஏறினார்கள். புறக்கோட்டையில் ஒரு சின்னக் கடை. சுவரெல்லாம் சிவப்பும் பச்சையும் நீலமுமாக ஓடிக்கொண்டிருந்தது. ஹவ்வா உம்மா முதலில் கேட்ட கேள்விக்கே கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"இத எரியவிட்டுத் தண்ணிக்குள்ள போட்டுக் காட்டுவீங்களா?"

"ராத்தா, இது லைட். மீன் இல்ல."

"மழைக்குள்ள கட்டுற சாமான். கடக்கரையில கட்டுற. தண்ணிய நீங்க காட்டாட்டி அல்லாஹ் காட்டுவான்."

கடைக்காரர் வேறு வழியில்லாமல் ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். ஹவ்வா உம்மா மூன்றடி தள்ளி நின்று பார்த்தார். பல்ப் ஒவ்வொன்றும் அடியில் கண்ணாடி போன்ற பசையால் மூடியிருக்கிறதா என்று பக்கீரை நகத்தால் சுரண்டிப் பார்க்கச் சொன்னார். கடைசியில் இன்னொன்று கேட்டார். "நிறம் மாறாம, வெள்ளையில மட்டும் நிக்குமா?"

"நிறம் மாறுறதுக்குத்தானே சனம் வாங்குது. நிக்கிறது என்னத்துக்கு?"

"எந்த பல்ப் செத்ததெண்டு பாக்கிறதுக்கு."

அமத்தும் பொத்தான் ஒன்று பெட்டியில் இருந்தது. அமத்த அமத்த நிறம் மாறி, ஏழாவது தரம் வெள்ளையில் நின்றது. இருபது மாலை வாங்கினார்கள்.

திரும்பி வரும் வழியில்தான் உயிர் போய் வந்தது. அம்பாறைக்கு முன்னால் ஒரு சோதனைச்சாவடி. சண்டை நடந்துகொண்டிருந்த அந்த நாட்களில் பத்திரிகையில் குண்டு பற்றி எழுதினால் வயர், பற்றரி, ரிமோட் என்ற மூன்று சொல்லும் கட்டாயம் வரும். ஹவ்வா உம்மாவின் பெட்டியைத் திறந்த சிப்பாய் கண்டது இருபது சுருள் வயர், இருபது கறுப்புப் பெட்டி. அவன் ஒரு அடி பின்னுக்குப் போனான். ஏதோ கத்தினான். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரையும் இறக்கித் தூரத்துக்கு அனுப்பினார்கள். பெட்டி மட்டும் வெயிலில் நடுறோட்டில் கிடந்தது. தங்கையும் காக்காவும் மணல்மூட்டைக்குப் பக்கத்தில் தனியே நிற்க வைக்கப்பட்டார்கள்.

"லைட், மாத்தயா. பள்ளிக்கு லைட்" என்று பக்கீர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய சாரத்தின் கீழ்ப்பகுதி ஆடிக்கொண்டிருந்ததை ஹவ்வா உம்மா கண்டார். காக்காவை அப்படி அவர் ஒருநாளும் கண்டதில்லை.

அவர்களுடைய அதிகாரி, பெரியவர் ஒருவர், வந்தார். ஒரு மாலையை எடுத்து, நடுவில் கத்தியால் வெட்டி உள்ளே பார்த்தார். பிறகு இன்னொன்றைக் காவல் குடிசையின் பிளக்கில் போடச் சொன்னார். ஒரு சிப்பாய் போட்டான். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஓடியது. அடுத்ததும் எரிந்தது. மூன்றாவது எரியவில்லை.

பெரியவர் பக்கீரைப் பார்த்தார். தன்னுடைய கண்ணுக்கு முன்னால் றிஸ்னா மட்டும்தான் நின்றாள் என்று ஹவ்வா உம்மா சொன்னார். வாப்பாவும் இல்லாமல் உம்மாவும் இல்லாமல், மாமி வீட்டு மூலையில் நிற்கும் றிஸ்னா.

எரியாத மாலையையும் பெரியவர் வெட்டினார். இரண்டு வெட்டுமுனைகளும் ஹவ்வா உம்மாவின் கண்ணுக்குக் கிட்ட இருந்தன. முதலில் வெட்டிய மாலையின் முனையில் சிவந்த செம்பு இழைகள் நெருக்கமாக இருந்தன. எரியாததில் தடித்த பிளாஸ்டிக் தோல், உள்ளே நாலைந்து வெள்ளை மயிர் போல ஏதோ. அவ்வளவு பயத்துக்குள்ளும் அவர் அதைக் கவனித்தார். பெரியவர் அந்த வெள்ளை இழையை விரலால் இழுத்தார், அது அறுந்து வந்தது. உதட்டைப் பிதுக்கி, சிங்களத்தில் ஏதோ சொன்னார். பக்கீர் பிறகு அர்த்தம் சொன்னார்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், இது செம்பு இல்லை. எரிந்துகொண்டிருந்த மாலையைப் பார்த்து இளம் சிப்பாய் ஒருவன் "லஸ்ஸனாய்" என்றான், அழகாயிருக்கிறது என்று. இரண்டு மணித்தியாலம் கழித்து பஸ் வெளிக்கிட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு மாலையின் நுனியையும் பக்கீரைக் கொண்டு பிளேட்டால் சீவிப் பார்த்தார். வெட்டுப்படாத பதினெட்டில் சரிபாதி வெள்ளை மயிர். அவை எரிந்தன, நிறமும் மாறின. இருந்தாலும் ஒதுக்கிவிட்டார். மிச்சத்தை உப்புத் தண்ணீர் நிரப்பிய பேசினுக்குள் மூன்று நாள் போட்டார். பிறகு அந்த வருசக் கடைசி மாரி முழுவதும் கொட்டில் கூரையில், காற்றிலும் மழையிலும் எரியவிட்டார். எங்கள் ஒழுங்கையால் போகிறவர்கள் இங்கே என்ன பெருநாளா என்று கேட்டுக்கொண்டு போனார்கள். தை மாதம் இறக்கியபோது ஒன்பதில் ஆறு உயிரோடு இருந்தன. பக்கீர் மறுபடி கொழும்புக்குப் போனார். இந்தத் தரம் மரைக்கார்மாரின் கடிதமும் கொண்டு போனார். மறுபடி பேசின், மறுபடி கூரை. இப்படி இரண்டு வருசத்தில் அவர் நம்பியவை பதினாலு மாலைகள். அவற்றில் ஒன்றைக்கூட அவர் கையால் பிளக்கில் போட்டதில்லை. போடுவது பக்கீர், கட்டுவது கனகரெத்தினம். பார்ப்பது மட்டும் ஹவ்வா உம்மா.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் சண்டை முடிந்தது. றோட்டில் நாலைந்து நாள் வெடி கொளுத்தினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மேசைக்குக் கீழே போனார்கள். தமிழர்களின் பாண்டிருப்பில் கதவுகள் சாத்தியிருந்தன. கனகரெத்தினத்தின் தங்கை செல்லத்தங்கம் முல்லைத்தீவுப் பக்கம் கலியாணம் முடித்துப் போனவள். நாலு மாதமாக ஒரு தகவலும் இல்லை. அந்தக் கிழமைதான் எங்கள் தைக்காவின் கொடியேற்றமும் வந்தது. கனகரெத்தினம் வர மாட்டார் என்று நினைத்தோம். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"வீட்ட இருங்க அண்ணன். இந்த நேரம் இங்கால வந்து திரியாதீங்க" என்றார் ஹவ்வா உம்மா.

"வீட்ட இருந்தா ரேடியோதான் தங்கச்சி. செத்த ஆக்கள்ர பேர் வாசிக்கிற மாதிரியே காதுக்குள்ள கேக்குது. வேலையக் குடுங்க."

மரைக்கார்மார் இந்த முறை கடற்கரை நெடுக வெளிச்சம் கேட்டார்கள். சனம் திரும்பக் கடல் பக்கம் வர வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. சவுக்கு மரங்களில் பதினாலு மாலையும் ஏறின. கரண்ட் நிற்கும், ஜெனரேட்டர் பழசு, அதனால் லொறிப் பற்றரி இரண்டு வேண்டும் என்று ஹவ்வா உம்மா பிடிவாதம் பிடித்தார். பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்துநாலு, மாலைக்கு நேரே கொடுக்கலாம் என்று கனகரெத்தினம் கணக்குச் சொன்னார். ஒரு மரைக்கார், "இது கொடியேத்தமா, ஆசுபத்திரியா?" என்று கேட்டார். பக்கீர் ஒரு நெல்லு மில் லொறியிலிருந்து பற்றரிகளைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

கடைசி நாள். மஃரிப் முடிந்து இருள் சேர்ந்துவிட்டது. கடற்கரை கொள்ளாத சனம். சாய்ந்தமருதிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் வந்திருந்தார்கள். பெண்கள் பக்கத்துத் திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு மேசை போட்டு, மாலைகளின் வயரெல்லாம் வந்து சேரும், ஒரே பொத்தானால் அத்தனையின் நிறமும் மாறும் பெட்டியோடு ஹவ்வா உம்மா இருந்தார். மேசைக்குக் கீழே சாக்கு மூடிய பற்றரிகள். றிஸ்னா கூட்டாளிகளோடு கடல் ஓரத்து வளையல் கடைக்குப் போயிருந்தாள். பக்கீர் ஜெனரேட்டரோடு, கனகரெத்தினம் கொடிமரத்தடியில். நானும் என் மனைவியும் மிட்டாய்க் கடைக்கு முன்னால் நின்றோம்.

கரண்ட் நின்றது. ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கியது. ஒலிபெருக்கி, கடை விளக்கு, மரத்து மாலைகள், எல்லாம் ஒரே நேரத்தில் போய்விட்டன. அவ்வளவு சனமும் ஒரு மூச்சு நேரம் பேசாமல் நின்றது. அந்த அமைதிக்குள் கடல் இரைந்தது. கடல் கூடவில்லை. நாங்கள் அடங்கியதால் அது கேட்டது. ஆனால் அதை யோசிக்கும் புத்தி அந்த நேரம் எவருக்கு இருந்தது?

"கடல் வருகுது!" என்று எங்கோ ஒரு குரல்.

பிறகு நடந்ததை நான் ஒழுங்காகச் சொல்ல முடியாது, ஏனென்றால் நானும் ஓடினேன். என் மனைவியின் கை என் கையில் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மென்மையான ஏதோ ஒன்றை மிதித்தேன். அது ஆளா துணியா என்று குனிந்து பார்க்கவில்லை.

ஹவ்வா உம்மாவின் திரைச்சீலை கிழிந்து விழுந்தது. பெண்கள் அவரையும் மேசையையும் இடித்துக்கொண்டு ஓடினார்கள். எழுந்து ஓட அவருக்கும் கால் துடித்தது. மகள் கடல் பக்கம். இருட்டுக்குள் அவளை எங்கே தேடுவது? கனகரெத்தினத்தைக் கூப்பிட்டார், பக்கீரைக் கூப்பிட்டார். அவருடைய குரல் அவருக்கே கேட்கவில்லை. அப்போது மேசைக்குக் கீழே குனிந்தார். சாக்கை இழுத்து எறிந்தார்.

இருட்டில் தெரிய வேண்டும் என்று சிவப்பு வயரில் கனகரெத்தினம் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். முடிச்சு விரலில் பட்டது. ஆறரை வருசமாக வயர் என்ற ஒன்றை அவர் கையால் தொட்டதில்லை. பிஸ்மி சொல்லிக்கொண்டு அந்த வயர் நுனியில் இருந்த கிளிப்பைப் பற்றரியின் தலையில் வைத்தார். சடக்கென்று ஒரு நெருப்புப் பொறி. அலறிக்கொண்டு கையை இழுத்தார். தான் மவுத்தாகிவிட்டதாகவே நினைத்தாராம். பெருவிரலைத் தடவிப் பார்த்தார். விரல் இருந்தது, நெஞ்சு அடித்தது. மறுபடி கையை நீட்டி, இந்த முறை கிளிப்பை விடாமல் அமத்திப் பிடித்தார்.

மாலைகள் எரிந்தன. நீலத்தில் எரிந்தன.

கரை நெடுக, மரத்துக்கு மரம், திடீரென்று நீலம். ஓடுகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நிறத்தில் மணல் தண்ணீராகவே தெரிந்தது. முந்தியதை விடப் பெரிதாக ஓலம் எழுந்தது. ஹவ்வா உம்மா பெட்டியின் பொத்தானை அமத்தினார். பச்சை, சிவப்பு, மஞ்சள், எத்தனை தரம் அமத்தினார் என்று அவருக்குத் தெரியாது. வெள்ளை வந்தது. விரலை எடுத்தார்.

வெள்ளை வெளிச்சத்தில் மணல் மணலாகத் தெரிந்தது. இழுத்துப் போட்டிருந்த தோணிகள் தெரிந்தன. அதற்கு அப்பால், எப்போதும் இருக்கும் இடத்தில், நுரை வந்து வந்து திரும்பியது. ஒரு தோணியின் மேல் ஏறி நின்ற மீன்காரர் ஒருவர் கையை விரித்துக் கத்தினார். "நில்லுங்கடா! கடல் அங்கதான் கிடக்கு! பாருங்க, அங்கதான் கிடக்கு!"

முன்னால் போனவர்கள் நிற்கவில்லை, அவர்கள் பெரிய றோட்டையே தாண்டிப் போனார்கள். பின்னால் வந்தவர்கள் நின்றார்கள். நானும் நின்றேன். என் மனைவி எனக்குப் பத்தடி பின்னால் மணலில் இருந்து, கையை ஊன்றி எழும்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய கையை நான் எந்த இடத்தில் விட்டேன் என்று இன்று வரை அவள் கேட்கவில்லை.

கனகரெத்தினம் றிஸ்னாவைக் கண்டுபிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். வளையல் கடைப் பலகைக்குக் கீழே இன்னும் மூன்று பிள்ளைகளோடு ஒடுங்கிக் கிடந்தாளாம். "தங்கச்சி, புள்ள இந்தா. கிளிப்ப விடுங்க" என்றார். ஹவ்வா உம்மா விடவில்லை. விட்டால் இருட்டிவிடும் என்று பயம். கிளிப் தானே பிடித்துக்கொள்ளும், நீங்கள் பிடிக்கத் தேவையில்லை என்று சொல்லி, கனகரெத்தினம் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது.

அன்றைக்குப் பதினேழு பேர் ஆசுபத்திரிக்குப் போனார்கள். ஒரு பெண்ணுக்குக் கால் முறிவு, ஒரு முதியவருக்கு விலா எலும்பு. யாரும் சாகவில்லை. அடுத்த நாள் காலை கடற்கரையில் கூட்டிய செருப்புகள் எட்டு உரப்பைக்கு வந்தன. நன்றி சொல்ல வந்த தலைமை மரைக்கார் ஹவ்வா உம்மாவைக் காணாமல் திரும்பினார். அவர் காய்ச்சலில் கிடந்தார். ஒரு கிழமை எழும்பவில்லை.

யூலையில் செல்லத்தங்கம் உயிரோடு இருக்கிறாள் என்று தகவல் வந்தது. வவுனியாவில் ஒரு முகாமில், ஒரு மகனோடு. புருசனைப் பற்றி ஒன்றும் இல்லை. கனகரெத்தினம் அந்தச் செய்தியைச் சொல்ல எங்கள் ஒழுங்கைக்கு வந்து, ஹவ்வா உம்மாவின் வாசலில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

அன்றைய இரவோடு ஹவ்வா உம்மாவுக்குப் பயம் தெளிந்துவிட்டது என்று ஊரில் ஒரு கதை உண்டு. அது பிழை. அதன் பிறகும் வீட்டுச் சுவிச்சை மகள்தான் போட்டாள். மாலைகள் பேசினுக்குள் மூன்று நாளுக்குப் பதில் ஐந்து நாள் கிடந்தன.

அந்த வருசம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எங்கள் ஒழுங்கை இளைஞர்கள் அவரிடம் மாலை வாங்கி, தெரு முழுக்கக் கட்டினார்கள். கார்த்திகை மாதம், வானம் மூடியிருந்தது. பெருநாளுக்கு முதல்நாள் பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு, முதல் மழை இறங்கியது. மூன்றாவது வீட்டு மதிலில் ஒரு மாலை மட்டும் இரண்டு தரம் அணைந்து மினுங்கியது. அவ்வளவுதான். நனைந்துகொண்டே வந்தார், பக்கீரைக் கொண்டு அந்த மாலையை மட்டுமல்ல, பதினாலையும் இறக்குவித்தார்.

"ஒண்டுதானே மினுங்கின? மத்தது நல்லாத்தானே எரியுது. நாளைக்குப் பெருநாள், ராத்தா!" என்று இளைஞர்கள் கெஞ்சினார்கள்.

"மினுங்கினது ஏனெண்டு எனக்குத் தெரியா. தெரியாம உங்கட தலைக்கு மேல எரிய உட மாட்டன்."

நானும் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். மழை விட்டதும் மறுபடி கட்டலாமே, கனகரெத்தினம் வந்து பார்க்கட்டுமே என்றேன். அவர் ஈர முந்தானையில் மாலைகளை அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

மழை இரவு இஷாத் தொழுகைக்கு முன்பே விட்டுவிட்டது. பக்கத்து ஒழுங்கையில் சிவப்பும் பச்சையும் ஓடியது. எங்கள் தெரு அந்தப் பெருநாளுக்கு இருட்டாகத்தான் கிடந்தது. பிள்ளைகள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு படுத்தார்கள். இளைஞர்கள் அவருக்கு ஸலாம் சொல்லாமல் ஒரு மாதம் திரிந்தார்கள். அடுத்த வருசம் அவர்களே வந்து மாலை கேட்டார்கள்.